உங்கள் விண்ணப்பம் கிடைத்தது

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அடிக்கடி திறந்து பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. எழுதியவள் நான். இணையதளங்களில் வழக்கமாக வரும் கோளாறுகளுக்கு உடனே என்ன செய்யலாம் என்று எண் போட்டு எழுதிவைத்த குறிப்புகள். தலைப்பு 'கைவைத்தியம்'. ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று சேர்ந்துவிட்டன. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நீட்டி முழக்காமல் எழுதியிருந்தேன். மாற்றியது திரையில் தெரியவில்லை என்றால் உன் மூளையைத் திட்டுவதற்கு முன்னால் பிரவுசர் பழைய பக்கத்தையே வைத்துக்கொண்டு காட்டுகிறதா என்று பார். அது முதல் குறிப்பு. நேற்றுவரை நன்றாக ஓடிய சர்வர் இன்று மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கும், முப்பது நாளுக்கு முந்தைய லாகையெல்லாம் அழி, இது நான்காவது. லாக் என்பது யார், எப்போது, என்ன அனுப்பினார் என்று சர்வர் தன்பாட்டுக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பு. குப்பை மாதிரி சேரும். சொந்தக்காரர், சிநேகிதர் யாருக்காகவும் மக்களின் நிஜ விவரங்களைத் திறந்து பார்க்காதே என்பது ஒன்பதாவது. பதினொன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு வராமல் எங்கே போவது.

குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேல் மாடியில் பதினான்கு பேர் வேலை பார்க்கும் கம்பெனி எங்களுடையது. கிடைத்த வேலைகளிலேயே பெரியது அரசுக் கண் மருத்துவமனையின் இணையதளம். அறுவை சிகிச்சை வேண்டுகிறவர்கள் அதில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அனுப்பிய தேதிப்படி வரிசை. முறை வந்ததும் போனில் கூப்பிடுவார்கள். இவ்வளவுதான். ஆனால் திறந்த முதல் வாரமே மானம் போயிற்று. பக்கம் நத்தை மாதிரி நகர, பொறுமையிழந்த ஜனம் 'அனுப்பு' பட்டனை மூன்று தடவை, நான்கு தடவை அழுத்தியது. அழுத்திய ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பம் ஆயிற்று. ஒரே ஆள் வரிசையில் நான்கு இடத்தில் நின்றார். மருத்துவமனை எங்கள் மேலாளரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியது.

மேலாளர் நல்ல மனிதர். எது வந்தாலும் 'பார்த்துக்கலாம்' என்பார். அதனால் அதுவே அவருக்குப் பெயர். அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சாயங்காலத்துக்குள்ள எதாவது பண்ணும்மா. ஒழுங்கா பண்றத அப்புறம் பார்த்துக்கலாம்."

எதாவது பண்ணினேன். ஒரே போன் நம்பரிலிருந்து ஒரே நாளில் இரண்டாவது விண்ணப்பம் வந்தால் அது அவசரக் கையின் வேலை என்று வைத்துக்கொண்டு, சேமிக்காமல் விட்டுவிடும்படி நாலு வரி கோட். பிழை என்று சிவப்பெழுத்தில் காட்டினால் ஜனம் பயந்துபோய் இன்னும் அழுத்தும். ஆகவே அந்த இரண்டாவதுக்கும் அதே பச்சைப் பக்கம்: 'நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.' அதற்குக் கீழே, மிரட்டி வைப்போமே என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'மீண்டும் விண்ணப்பித்தால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவீர்கள்.' அது பொய். வரிசை அப்படியெல்லாம் நகராது. ஆனால் மிரட்டல் வேலை செய்தது.

எங்கள் தளங்களைச் சோதித்துப் பார்ப்பவள் ஒருத்தி இருக்கிறாள். எதையும் நம்பமாட்டாள். அவளை 'சந்தேகம்' என்று கூப்பிடுவோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அவள் மட்டும் கேட்டாள்.

"ஒரு வீட்ல ஒரே போன் இருந்து, ரெண்டு பேருக்குப் போட்டா?"

"ஒரே நாள்ல ஒரே வீட்ல ரெண்டு பேருக்குக் கண்ணு போகுமா? உனக்கு மட்டும் எங்கிருந்துடி இதெல்லாம் தோணுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அதைக் குறைகள் பட்டியலில் ஏற்றினாள். நான் அதன் பக்கத்தில் 'பிறகு' என்று குறித்தேன். அன்று சாயங்காலமே அந்த வைத்தியத்தைப் பதினொன்றாவது குறிப்பாக எழுதி, கடைசியில் 'தற்காலிகம்' என்று ஒரு சொல்லையும் போட்டேன். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஆயுசு கெட்டி.

இனி வீட்டுக்கு வருகிறேன். அப்பா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குள் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். வரிசை என்றால் அவருக்கு உயிர். நடுவில் புகுந்தவன் தன் மைத்துனனாகவே இருந்தாலும் பின்னால் போகச் சொன்னவர். அந்த மாமா நாலு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை போய் வெகுநாளாகிறது. இடது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனை கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "இது தாக்குப்பிடிக்கிற வரைக்கும்தான். பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிக்கங்க. போன பார்வை வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம்." அதே சமயம் அம்மாவுக்குக் கண்புரை. அம்மாவுடையது அவசரமில்லை, வெறும் மங்கல்தான்.

ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு. ஆமாம்.

தளம் திறந்த அதே மாதம் விண்ணப்பம் போட்டவன் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் அன்றைக்கு அலுவலகத்தில் எதையோ தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். அவன் கடையை மூடிவிட்டு வந்து அம்மாவையும் அப்பாவையும் எதிரில் உட்காரவைத்துப் போனில் நிரப்பினான். அப்பாதான் சொன்னாராம்: "அம்மாவோடத முதல்ல போடுடா." அம்மா வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறாள். கவுண்டரில் உட்கார்ந்தவர் தனக்கு முதல் டிக்கெட் கிழித்துக்கொள்ள மாட்டார் அல்லவா? முதலில் அம்மாவுடையது போயிற்று, அடுத்த ஐந்தாவது நிமிடம் அப்பாவுடையது. இரண்டுக்கும் பச்சைப் பக்கம் வந்தது. பதிவு எண் என்று குறுஞ்செய்தி ஒன்றுதான் வந்தது. வீட்டுக்கு ஒன்று போல என்று நினைத்துக்கொண்டான்.

அழைப்பு தவறிவிடக்கூடாதே என்று தம்பி அந்தப் போனையே அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தனக்கு வேறு நம்பர் வாங்கிக்கொண்டான். கடை போர்டில் இருந்தது பழைய நம்பர். அன்றிலிருந்து அப்பாவின் சட்டைப்பையில் அது மணியடித்துக்கொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரிங்களா?... ஓ, ஜெராக்ஸா? கடை அங்கயேதான் இருக்கு. நேரா வாங்க."

தினமும் இது நாலைந்து தடவை நடக்கும். நாங்கள் சிரிப்போம். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுதான் போனை எடுப்பார்.

மூன்றாவது மாதம் அம்மாவைக் கூப்பிட்டார்கள். புரையை எடுத்தாயிற்று. அம்மாவுக்குப் பளிச்சென்று ஆனது. வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கா என்று இரண்டு நாள் புலம்பினாள். அப்பாவைக் கூப்பிடவில்லை. தம்பி மருத்துவமனை உதவி எண்ணுக்குப் போட்டான். "அழுத்தத்துக்கு வரிசை பெருசுங்க. அவருக்குத் தனி நம்பர் வந்திருக்கும், மெசேஜ்ல தேடிப் பாருங்க. தப்பித்தவறி மறுபடியும் போட்டுடாதீங்க, பின்னாடி போயிடுவீங்க" என்றார்களாம். என் பொய்யை எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. பயமுறுத்த எழுதிய ஒரு வரியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

நான் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மெசேஜ அழிச்சிட்டியாடா? உன்கிட்ட ஒரு வேலைய நம்பிக் குடுத்தா உருப்பட்டிருக்கா?"

"இல்லக்கா. வரவே இல்ல. ஆனா நன்றின்னு வந்துச்சு. போட்டோகூட எடுத்து வெச்சிருக்கேன்."

"போட்டோ! அதுல நம்பர் இருக்கா? எதாவது ஒண்ணு தப்பா அடிச்சிருப்ப. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இதே பேச்சு ஒரு வருடத்தில் எத்தனை தடவை நடந்திருக்கும்? சாப்பிடும்போது, கடைக்குக் கிளம்பும்போது, சொந்தக்காரர்கள் எதிரில். அவன் முதலில் பதில் சொன்னான், பிறகு முறைத்தான், கடைசியில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டான்.

நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். பார்த்திருக்கலாம். பத்து விநாடி வேலை. ஒரு தடவை நானே சொன்னேன், வரிசையில் பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உள்ள உன் ஆள் இருந்தா உனக்கு ஒண்ணு, இல்லாதவனுக்கு ஒண்ணா? நிக்கிறவன் கண்ணுல மண்ணத் தூவாதம்மா. வர்றப்ப வரட்டும்."

எனக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. ஒன்பதாம் குறிப்பை எழுதியவள் நான். கறைபடாத கை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அப்பா சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பார், டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார், டிவிக்கு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு உட்காருவார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நேர்மையாக இருந்தேன்.

பதினான்கு மாதம் கழித்து மருத்துவமனை ஆண்டறிக்கை கேட்டது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்று. கணக்கு எடுத்தபோது உதைத்தது. 'நன்றி' பக்கம் காட்டப்பட்டது இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு தடவை. வரிசையில் இருந்த பேர் இருபத்து இரண்டாயிரத்துத் தொண்ணூற்றேழு. நடுவில் ஆயிரத்து முந்நூற்று இருபத்தொரு நன்றிகளுக்கு ஆள் இல்லை.

"இரண்டு தடவை அழுத்தியதுதான்" என்றேன். சந்தேகம் மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சோதனைத் தளத்தில் தன் நம்பரைப் போட்டுத் தன் பேரில் ஒன்று அனுப்பினாள். பிறகு அதே நம்பரில் தன் மாமியார் பேரில் ஒன்று. பச்சைப் பக்கம் வந்தது. வரிசையைத் திறந்தோம். மாமியார் இல்லை.

"நான் அப்பவே கேட்டேன்ல" என்றாள். குத்திக்காட்டும் குரலில்கூட இல்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை.

அந்த நாலு வரி கோட் திரையில் நின்றது. மேலே என் பேர், தேதி, 'தற்காலிகம்'. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அவன் குனிந்து சாப்பிடுவது. ஒன்பதாம் குறிப்பை மீறி, முதல் தடவையாக, நிஜ வரிசையைத் திறந்து அந்தப் போன் நம்பரைத் தேடினேன். ஒரு பேர் வந்தது. அம்மா. கண்புரை. முடிந்தது.

அப்பா எந்த வரிசையிலும் இல்லை. பதினான்கு மாதமாக அவர் எழுந்து நின்றதெல்லாம் யாருமே போடப்போகாத ஒரு போனுக்கு.

கோட்டைச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. பேரும் பிறந்த தேதியும் நம்பரும் மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் இரட்டை. இல்லையென்றால் வேறு ஆள். முதல் நாளே தெரிந்த விஷயம்தான். நாற்பது நிமிடம்.

பிறகு விடுபட்டவர்களைத் தேடப் போனேன். அனுப்பிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் லாகில் விழுந்திருக்கும். அதில் பார்த்தால் பேர், நம்பர், தேதி எல்லாம் இருக்கும். லாகைத் திறந்தேன். முப்பது நாள் இருந்தது. அதற்கு முன்னால் வெறுமை. நான்காம் குறிப்பு, நானே தானியங்கியாக அமைத்துவைத்தது, ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிடும். முப்பது நாளில் தள்ளப்பட்டவை எண்பத்தெட்டு. அதில் இருபத்தொன்பது நிஜமாகவே இரண்டு தடவை அழுத்தியவை. மீதி ஐம்பத்தொன்பதும் ஆட்கள். அதே விகிதத்தைப் பதினான்கு மாதத்துக்கும் போட்டுப் பார்த்தால் குத்துமதிப்பாக எண்ணூற்று எண்பது பேர். ஐம்பத்தொன்பது பேரை அவரவர் தேதியில் திருப்பி வரிசையில் ஏற்றினேன். மற்றவர்கள் யார் என்று இந்த உலகத்தில் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் கையில் நன்றி இருக்கிறது.

மேலாளரிடம் போனேன். அவர் முகம் வெளுத்துத்தான் போயிற்று; கல் மனிதர் இல்லை. ஆனால் வாய் பழகிய வழியில் போயிற்று.

"இரும்மா, பதறாத. பார்த்துக்கலாம். அறிக்கையில 'ஒரே ஆள் பலமுறை அழுத்தியது'ன்னு போட்டுடலாம். அதுவும் உண்மைதானே? இருபத்தொம்பது இருக்கே."

"சார், அந்த ஆளுங்களோட முதல் விண்ணப்பத்துல போன் நம்பர் இருக்கு. இருபத்திரெண்டாயிரம் பேருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பலாம். இந்த நம்பர்லருந்து வேற யாருக்காவது போட்டிருந்தா, கூப்பிடலன்னா, மறுபடியும் போடுங்கன்னு. ஒரு வரி போதும் சார்."

"எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. ஆஸ்பத்திரிகிட்ட கேக்கணும்."

கேட்டார். மூன்று வாரம் கழித்து அவர்கள் ஒப்புக்கொண்ட வாசகம் வந்தது: 'தங்கள் வசதிக்காக எங்கள் இணையதளம் மேம்படுத்தப்பட்டுள்ளது.' அதை இருபத்து இரண்டாயிரம் பேருக்கும் அனுப்பினோம்.

அந்த மூன்று வாரத்துக்குள் நான் யாரையும் கேட்காமல் ஒன்று செய்தேன். பக்கத்தின் அடியிலிருந்த அந்தப் பொய்யை எடுத்துவிட்டு, 'ஒரே போனிலிருந்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அழைப்பு வரவில்லையென்றால் மீண்டும் அனுப்புங்கள்' என்று போட்டேன். இரண்டு நாள் இருந்தது. பிறகு மேலாளர் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். அந்த இரண்டு நாளில் பதினோரு பேர் திரும்ப அனுப்பினார்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். அது இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. நான் அவ்வளவுதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உண்மை தெரிந்த அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் அந்தப் போட்டோவைக் கேட்டேன். தேடவே இல்லை அவன். ஒரு நொடியில் எடுத்து நீட்டினான். பச்சைப் பக்கம், தேதி, நேரம், திரையில் மங்கலாக அவன் கட்டைவிரல்.

"இப்பவாவது நம்புறியாக்கா?"

"அனுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் அந்தத் தேதியில், அந்த நேரத்தில், அப்பாவின் பேரை என் கையால் வரிசையில் ஏற்றினேன். தயங்கவில்லை. பொய்யான தேதி இல்லை என்று சந்தேகம்கூடச் சொன்னாள். பொய் இல்லைதான். ஆனால் உள்ளே ஆள் இல்லாத எண்ணூறு பேருக்கு இந்தத் தேதி கிடைக்காது. அந்த வாரத்தில் விண்ணப்பித்த கண் அழுத்தக்காரர்களை எப்போது கூப்பிட்டார்கள் என்றும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஐந்தாவது மாதமே கூப்பிட்டிருந்தார்கள்.

நாலாவது நாள் போன் வந்தது. அப்பா வழக்கம்போல் எழுந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிங்களா?... ஆமாங்க. ஆமாங்க, நான்தாங்க. வந்துடறேங்க."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைத் தேடித் திரும்பினார். நாங்கள் இருந்த பக்கத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? வரிசையில நின்னா வராம போகாது." அம்மா அழுதேவிட்டாள். அப்பா தானே முகம் மழித்துக்கொண்டு இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போவதுபோல் தேய்த்த சட்டை. பட்டனை நான் போட்டுவிட்டேன்.

டாக்டர் இளம்பெண். வெகுநேரம் பார்த்தாள். விளக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்தினாள். விரல் எத்தனை என்று கேட்டாள். அப்பா மூன்று என்றார். அவள் விரல் எதையும் நீட்டியிருக்கவில்லை. அப்பாவை வெளியே பெஞ்சில் அம்மாவோடு உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"நரம்பு போயிடுச்சுங்க. இப்ப ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். அதுவும் கொஞ்ச நாளைக்கு. எட்டு, ஒன்பது மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இருந்தத நிறுத்தி வெச்சிருக்கலாம். ஏன் இவ்வளவு லேட்டா போட்டீங்க?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருடமாகப் பழகிய குனிவு. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். 'என் தப்புதான்' என்றுதான் சொல்லப் போனான், எனக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வரி, பச்சைப் பக்கம், பின்னுக்குப் போய்விடுவீர்கள், முப்பது நாள். அவன் முழுவதும் கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மற்ற இரண்டு பேரிடமும் சொன்னேன். அம்மா கையில் அன்றைய பேப்பர். கண் தெளிந்ததிலிருந்து அவள்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். முடித்ததும் அப்பா திட்டுவார், இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

"உன்ன உள்ள போய்ப் பாக்க வேணாம்னு சொன்னவன் நான்தானம்மா" என்றார் அப்பா. "அம்மாவோடத முதல்ல போடச் சொன்னதும் நான்தான்."

"நான் அப்பவே வேணாம்னு அடிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மா. பேப்பரை மடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பதற்கே கூசியவள் மாதிரி.

"ரெண்டு போன்ல போட்டிருக்கலாம். எனக்குத் தோணல" என்றான் தம்பி.

நான் செய்ததை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அழக்கூட எனக்கு அங்கே உரிமை இல்லாததுபோல் இருந்தது; சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

'கைவைத்தியம்' பக்கத்தில் பதினொன்றை அழித்துவிட்டேன். அழித்த பிறகு சந்தேகம் வந்து சொன்னாள், அதைப் படித்துவிட்டு இதுவரை மூன்று தளங்களில் வேறு பிள்ளைகள் அதே நாலு வரியைப் போட்டிருக்கிறார்களாம். ஒரு பென்ஷன் அலுவலகம், ஒரு கல்லூரி, இன்னொன்று என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. மேலாளரிடம் சொன்னோம். பார்த்துக்கலாம் என்றார்.

போன் இன்னமும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. தம்பி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மணியடித்தால் அப்பா எழுந்து நின்று, "ஜெராக்ஸ் கடைங்களா? நேரா வாங்க" என்கிறார். ஆஸ்பத்திரியா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நான் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக வீடுகளைப் பார்த்துக்கொண்டே போகிறேன். இதில் எந்த வீட்டில் யாரோ ஒருவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ, எந்த வீட்டில் ஒரு தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறானோ. அவன் ஒழுங்காகத்தான் போட்டான் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு முகவரி தெரியாது.